சம்பளம் வந்து பத்து நாளில் கை காலி: இந்த வாங்கும் பழக்கத்தை யாராவது விட்டிருக்கிறீர்களா?

2024 நவம்பர் 4 (கேள்வி)

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. விடுதியில் தங்கியிருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் 19,400. தீபாவளி போனஸ் வந்த நாலாம் நாள் கணக்கில் 312 ரூபாய்தான் இருந்தது. சுடிதார், கம்மல், முகத்துக்குப் போடுகிற கிரீம், போன் கவர். பாதிக்கு மேல் இன்னும் பிரிக்கவே இல்லை, கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ஆப்பை மூன்று தடவை அழித்து மூன்று தடவை திரும்பப் போட்டேன். இந்த மாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்பவில்லை, சம்பளம் லேட் என்று பொய் சொன்னேன். இது கொழுப்பா, வியாதியா? திட்டுகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். விட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 5, காலை

நான் பாதி விட்டவன். கணக்கில் சேருமா தெரியவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

வயது 43. வீடு மத்தூர் பக்கம். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சீசனில் எத்தனை லோடு பெங்களூரா மாங்காய் வந்தது, எடை எவ்வளவு, கழிவு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பைசா பிசகாமல் சொல்வேன். வீட்டுக் கணக்கைக் கேட்டால் முழிப்பேன்.

எனக்குத் துணிமணியில் பைத்தியம் இல்லை. டார்ச் லைட், ஷூ, ஸ்க்ரூடிரைவர் செட், வெங்காயம் நறுக்குகிற டப்பா, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் குட்டி மின்விசிறி. ஒரு நாள் ஆப்பில் பழைய ஆர்டர்களை உட்கார்ந்து எண்ணினேன். ஒரே வருஷத்தில் 118. மூன்று நாளுக்கு ஒரு பார்சல்.

பார்சலைப் பிரித்த பிறகு ஒன்றும் இருக்காது. ருசியெல்லாம் அதற்கு முன்னால்தான். 'கிளம்பிவிட்டது', 'சேலம் வந்துவிட்டது', 'இன்று வரும்' என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்புறம் அந்தத் தம்பியின் போன்: "அண்ணா, பார்சல் வந்திருக்கு, வீட்ல இருக்கீங்களா?" அன்றைக்கு முழுக்க என்னைத் தேடி வருகிற ஒரே போன் அதுவாகத்தான் இருக்கும். இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஆப்பை அழிப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது தங்கச்சி. திரும்பப் போட ஒரு நிமிஷம். முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள் (இதை மட்டும் வாங்கலாம்). வாங்கத் தோன்றும்போதெல்லாம் மணியை எழுதுங்கள். பொருளின் பெயர்கூட வேண்டாம். எத்தனை மணி, அதற்கு முன்னால் என்ன நடந்தது, அவ்வளவுதான்.

2024 நவம்பர் 5, இரவு

காலையில் ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி எழுதிவிட்டேன். நோட்டு யோசனை என்னுடையது இல்லை. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு, ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த மனநல மருத்துவர் சொன்னது. வாங்காதே என்று அவர் சொல்லவே இல்லை. மூன்று வாரம் எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார்.

மூன்று வாரத்தில் 31 தடவை எழுதியிருந்தேன். அதில் 22 தடவை இரவு ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில். மற்றதில் பெரும்பாலும் ஆபீசில் யாரிடமாவது வாங்கிக் கட்டிக்கொண்ட நாள். டார்ச்சுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது அந்த நோட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. பிள்ளைகள் தூங்கியாச்சு, வீட்டுக்காரி சீரியல் பார்க்கிறாள், எனக்கு அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலையும் இல்லை.

2024 நவம்பர் 9

மேலே ஒருவர் 'காசுத் திமிர், நாலு நாள் பட்டினி போட்டால் சரியாகிவிடும்' என்று எழுதியிருக்கிறார். ஐயா, கடன் வாங்கித் திமிர் காட்டுகிறவன் எந்த ஊரில் இருக்கிறான்?

'இது ஆன்லைன் வந்த பிறகு வந்த வியாதி' என்று இன்னொருவர் சொல்கிறார். அதுவும் சரியில்லை. எமில் கிரெபெலின் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் நூறு வருஷத்துக்கு முன்பே இதற்கு ஓனியோமேனியா என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். கிரேக்கத்தில் 'ஓனியோஸ்' என்றால் விற்பனைக்கு உள்ளது என்று பொருளாம். அந்தக் காலத்தில் ஆப் ஏது?

வியாதியா என்று கேட்டால், டாக்டர்களே இன்னும் ஒரே குரலில் சொல்வதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட கையேட்டில் இது தனி நோயாக இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 11-வது நோய்ப் பட்டியல் 2022-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளில், 'மற்றவை' என்ற இடத்துக்கு உதாரணமாக இதைச் சேர்த்திருக்கிறார்கள். பெயர் எதுவானாலும், மருந்தைவிடப் பேசிப் பழக்கத்தை மாற்றுகிற சிகிச்சைக்குத்தான் இது அதிகம் மசிகிறது என்று என் டாக்டர் சொன்னார்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். திடீரென்று தூக்கம் குறைந்து, பேச்சு வேகமாகி, கை நிற்காமல் ஆயிரம் ஆயிரமாகச் செலவு செய்கிறார் என்றால் அது வேறு விஷயம். அதில் நோட்டு கீட்டு என்று நாள் கடத்தாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநல உதவி போன் எண் இருக்கிறது: டெலி மானஸ், 14416. 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, தமிழிலும் பேசலாம். ஓசூர்க்காரருக்கு இன்னொரு வசதி: பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. போனும் ஆப்பும் கையை விட்டுப் போகாதவர்களுக்கென்று அங்கே 2014-லிருந்து 'ஷட் கிளினிக்' என்று ஒரு தனிப் பிரிவு நடக்கிறது.

2024 நவம்பர் 17

கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன், மினிமம் மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தங்கச்சி தனியாக எழுதியிருந்தார். கணக்குப்பிள்ளை புத்தி சும்மா இருக்காது. என் பழைய பில்லை எடுத்து வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

பாக்கி 62,000. மாத வட்டி 3.5 சதவீதம், அதாவது 2,170. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 390 ரூபாய் 60 காசு. ஆக மொத்தம் 2,560 சொச்சம். பில்லில் 'கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை' என்று போட்டிருந்தது 3,100. நானும் பெருமையாக 3,100 கட்டுவேன். அசலில் கழிந்தது 540 ரூபாய்கூட இல்லை. இந்த லட்சணத்தில் புதிதாக ஒரு ஷூ வாங்கினால் அதற்கு வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். முழுப் பாக்கியைக் கட்டுகிறவனுக்குத்தான் அந்த நாற்பத்து சொச்சம் நாள் சலுகை. மினிமம் கட்டுகிறவனுக்குக் கிடையாது. இது தெரியாமலே இரண்டு வருஷம் ஓட்டினேன். ஆலையில் இன்னொருவர் கணக்கில் இப்படி ஒரு ஓட்டையைப் பார்த்திருந்தால் அன்றைக்கே கத்தியிருப்பேன்.

வெளியே வந்தது வீட்டுக்காரி செயினால். இரண்டரைப் பவுன். கூட்டுறவு வங்கியில் வைத்து, கார்டு பாக்கியை ஒரே மூச்சில் கட்டினேன். அங்கே வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயைத் தொடவில்லை. 2,560 போன இடத்தில் 600-க்குள் முடிந்தது. நகை இருந்தால் இதுதான் வழி என்று அடித்துச் சொல்வேன்.

2024 டிசம்பர் 5

நாலு நாளாகக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. இப்போதுதான் வந்தது. எங்கள் பக்கம் பெய்த மழை செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ரோட்டோரம் நின்ற கார், வேனையெல்லாம் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. எங்கள் வீட்டில் வாசல் படி வரைக்கும் வந்து நின்றது, உள்ளே வரவில்லை.

ஒன்றாம் தேதி ராத்திரி கரண்ட் போனது. ஒரே கும்மிருட்டு. அவள் சொன்னாள், "ஏங்க, ஏழு டார்ச் இருக்குதே, ஒண்ணு எடுங்க."

பரணில் ஏறினேன். ஏழும் இருந்தது. ஒன்று ஒரு கிலோமீட்டர் தூரம் அடிக்கும் என்று போட்டிருந்தான். ஒன்று நெற்றியில் கட்டுவது. ஒன்று தண்ணீருக்குள்ளேயே எரியுமாம். ஒன்றில் திசைகாட்டிகூட உண்டு, மத்தூரில் நான் எந்தக் காட்டில் தொலையப்போகிறேனோ. இரண்டு இன்னும் பெட்டியில், ஸ்டிக்கர் கிழிக்காமல். ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். ஒன்றிலும் சார்ஜ் இல்லை. திசைகாட்டி மட்டும் வடக்கு காட்டியது.

கீழே இறங்கி வருவதற்குள் அவள் கார்த்திகைக்கு எடுத்து வைத்திருந்த அகல் விளக்கை ஏற்றிவிட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

2024 டிசம்பர் 6

ஏழு டார்ச்சும் இப்போது முழு சார்ஜ். கரண்ட் போகவே மாட்டேன் என்கிறது.

2024 டிசம்பர் 22

'அந்த ஒன்பது மணியை என்ன செய்தீர்கள்?' என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

முதலில் எல்லோரும் சொல்கிற வழிகளில் போனேன். நடை. மூன்று நாள் போனேன், நாலாம் நாள் தெரு நாய். புத்தகம் படித்தேன், ஆனால் போன் பக்கத்திலேயே இருந்தது. தியானம் என்று கண்ணை மூடினால் ஷூதான் தெரிந்தது. எல்லாம் நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றிலும் கை சும்மா இருக்கிறது. என் வியாதி கையில் இருந்தது.

ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல். மாவு அரைக்க ஆள் இல்லை, நான் அரைத்தேன். உளுந்து அரைபடும்போது பக்கத்திலேயே இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்கணும், ஓரத்தில் ஒட்டுவதை வழித்துவிடணும். கை முழுக்க மாவு. நடுவில் போன் 'டிங்' என்றது, 'உங்கள் விருப்பப் பட்டியலில் உள்ள பொருள் விலை குறைந்தது' என்று. மாவுக் கையோடு எடுக்க முடியாது. கழுவிவிட்டு எடுக்கலாம் என்று நினைத்தேன், அதற்குள் தண்ணீர் தெளிக்க வேண்டியிருந்தது. அரிசியும் அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து, கல்லைக் கழுவி வைத்துவிட்டு மணியைப் பார்த்தால் 10.20. அந்த 'டிங்' மறந்தே போயிருந்தது.

டாக்டர் இதைத்தான் வேறு மாதிரி சொல்லியிருந்தார். ஆசை அலை மாதிரி ஏறும், உச்சிக்குப் போகும், அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். ஏறும்போதே அதோடு மல்லுக்கட்டக் கூடாது, இறங்கும் வரை உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். அவர் சொன்னபோது தலையாட்டினேன். கிரைண்டர் முன்னால் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது.

அன்றிலிருந்து வீட்டில் மாவு என் துறை. தினமும் மாவு அரைக்க முடியாது, இட்லி தின்றே செத்துவிடுவோம். அதனால் நடுநாளில் களி. கேழ்வரகுக் களி கிண்டத் தெரிந்தவருக்குத் தெரியும்: பாத்திரத்தைக் காலால் அண்டைகொடுத்து, இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துக் கிண்டணும். விட்டால் கட்டி தட்டும். மூன்றாவது கை இருந்தால்தான் ஆர்டர் போட முடியும்.

விடுதியில் கிரைண்டருக்கு எங்கே போவது என்று தங்கச்சி கேட்பார். வார்டனிடம் கேட்டுச் சமையலறையில் ராத்திரி காய் நறுக்கக் கொடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள், ஆனால் கொடுப்பார்கள். இல்லையென்றால் துணி துவைக்கிற நேரத்தை ராத்திரிக்கு மாற்றுங்கள். கை ஈரமாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

2025 ஜனவரி 11

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பரணைக் காலி செய்தோம். கணக்கு எழுதினேன், இங்கே போட மாட்டேன்.

பட்ஜெட் பற்றிக் கேட்டவர்களுக்கு. ஐம்பது முப்பது இருபது என்று ஒரு கணக்கை எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள்: பாதி தேவைக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு. நானும் போட்டுப் பார்த்தேன். வாடகை, பள்ளிக்கூட பஸ், அம்மா மருந்து, மளிகை இதற்கே எழுபதைத் தாண்டியது. மீதியில் முப்பதை ஆசைக்கு எடுத்து வை என்றால் என்னைப் போன்ற ஆளுக்கு அது உத்தரவு மாதிரி. முப்பதையும் ஒழுங்காகச் செலவு செய்துவிட்டு, சேமிப்பில் கை வைத்தேன்.

எனக்குச் சரிப்பட்டது அவளுடைய மகளிர் குழுவிலிருந்து வந்தது. ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலில் ஆரம்பித்ததே தர்மபுரி மாவட்டத்தில்தான், 1989-ல், ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியம் கொடுத்த உதவியோடு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல், அதனால் அப்போது நாங்களும் தர்மபுரிதான். என் மாமியார் அந்தக் காலத்து உறுப்பினர், இப்போது இவள்.

அவர்கள் கூட்டம் எங்கள் திண்ணையில் நடக்கும். நான் உள்ளே இருந்து கேட்பேன். ஒருத்தி எழுந்து நோட்டைப் படிப்பாள்: இன்னாருக்குச் சந்தா இவ்வளவு, இன்னாருக்குக் கடன் பாக்கி இவ்வளவு, ஆட்டுக்குட்டி வாங்க எடுத்தது இவ்வளவு. சத்தமாக. எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. யாரும் யாரையும் திட்டுவதில்லை. படித்து முடித்ததும் கையெழுத்து. எனக்கு ஆலையில் டாலி, எக்செல் எல்லாம் தெரியும். ஆனால் என் செலவை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுப் படித்ததில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் அதேதான். நான் படிப்பேன், அவள் கேட்பாள். அப்புறம் அவள் படிப்பாள். 'மூக்குக் கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே, 349' என்று சத்தமாகப் படித்துப் பாருங்கள். எனக்குக் கண்ணாடியே கிடையாது.

பணத்துக்கு மொய்க் கவர். தங்கை கல்யாணத்தில் மிச்சமான கட்டு ஒன்று இருந்தது, மேலே ஒரு ரூபாய் நாணயம் ஒட்டினது. ஐந்தாம் தேதி ஏ.டி.எம்.மில் எடுத்து மளிகை, பால், பெட்ரோல், மருந்து, மொய் என்று பேனாவில் எழுதிப் பிரித்துப் போடுவோம். கடைசியில் ஒரு கவர், அதில் 'சும்மா' என்று எழுதியிருக்கும். 800 ரூபாய். என்ன வாங்கினாய் என்று அதற்கு மட்டும் கேள்வி கிடையாது. அந்தக் கவர் இல்லாமல் ஆரம்பித்த முதல் மாதம் பன்னிரண்டாம் நாளே உடைந்துவிட்டது.

2025 ஜனவரி 12

'இந்தக் காலத்தில் யார் கேஷ் கொடுக்கிறார்கள், டீக்கடையிலேயே ஸ்கேன்தானே' என்று கேட்டிருக்கிறார்கள். நியாயம். சம்பளம் வருகிற கணக்கில் யு.பி.ஐ.யை எடுத்துவிட்டேன். வேறொரு வங்கியில் சும்மா ஒரு கணக்கு, அதில் வாரம் 500 போடுவேன், போனில் அது மட்டும்தான். டெபிட் கார்டில் ஆன்லைன் உபயோகத்தை வங்கி ஆப்பிலேயே நிறுத்தி வைக்கலாம், ரிசர்வ் வங்கி 2020-ல் கொண்டுவந்த வசதி. தேவைப்பட்டால் திறந்துகொள்ளலாம். ஆனால் திறக்க இரண்டு நிமிஷம் ஆகும், அந்த இரண்டு நிமிஷம் பல ஷூக்களைத் தடுத்திருக்கிறது.

கடைக்கார ஆப்பில் சேமித்து வைத்த கார்டையும் எடுத்துவிடுங்கள். 2022 அக்டோபரிலிருந்து அவர்கள் நம் கார்டு எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்குப் பதில் டோக்கன் என்ற ஒரு மாற்று எண்தான். நம் கைக்கு இரண்டும் ஒன்றுதான், ஒரே தட்டில் பணம் போய்விடும்.

2025 பிப்ரவரி 20

நவம்பர் 17-ல் 'அடித்துச் சொல்வேன்' என்று எழுதியிருக்கிறேன். அடியை நான்தான் வாங்கணும்.

செயினை வைத்துக் கார்டை அடைத்தேன் என்பது உண்மை. அதற்கப்புறம் நடந்ததை எழுதாமல் விட்டேன். பாக்கி பூஜ்யம் ஆனதும் கார்டை 'அவசரத்துக்கு' என்று பர்சிலேயே வைத்திருந்தேன். நாலே மாதத்தில் 19,000. ஒரு பக்கம் நகைக்கடன், இன்னொரு பக்கம் கார்டு. முன்பைவிட மோசம். அவளிடம் சொன்ன ராத்திரி அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் திருத்திக்கொள்ளுங்கள். நகையை வைப்பதற்கு முன்னால் கார்டை மூடுவதற்கு எழுதிக் கொடுக்கத் தயாரா என்று உங்களையே கேளுங்கள். தயார் இல்லை என்றால் நகையைத் தொடாதீர்கள். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், இல்லாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் அவர்கள் நமக்குத் தர வேண்டும், ரிசர்வ் வங்கியின் 2022 விதி. கஸ்டமர் கேரில் அந்தப் பெண் 'லிமிட்டை ஏற்றித் தருகிறோம் சார்' என்று இனிமையாகப் பேசினார். இந்த விதியைச் சொன்னேன், அப்புறம் நேராக விஷயத்துக்கு வந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனை நிறுத்திய புதிதில் வியாதி வேறு வீட்டுக்குக் குடிபோனது. பர்கூர் எங்களுக்கு ஒரு எட்டு. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், அந்த ஊரைக் குட்டி சூரத் என்பார்கள். தெரு முழுக்க ஜவுளி மொத்தக் கடை. ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் வந்து மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். 'நேரில் பார்த்துத்தானே வாங்குகிறேன், இது வேற' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். ஒரு லுங்கி வாங்கப் போய் பன்னிரண்டு லுங்கியோடு வந்தேன். டஜன் விலையாம். மைத்துனன், மாமனார், ஆலை வாட்ச்மேன் என்று ஊருக்கெல்லாம் கொடுத்தும் நாலு மீதி. ஆறு மாதம் எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே டிசைன்.

2025 பிப்ரவரி 21

லுங்கி டிசைனைக் கேட்டவருக்கு: பச்சைக் கட்டம்.

2025 மார்ச் 9

நவம்பரில் இது முழுக்க மனசு சம்பந்தப்பட்டது என்கிற மாதிரி எழுதியிருந்தேன். கூட வேலை செய்கிறவர் படித்துவிட்டுத் தன் அப்பா கதையைச் சொன்னார். கை நடுக்கத்துக்கு, அதாவது பார்கின்சனுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். எழுபது வயதில் திடீரென்று பாத்திரம் வாங்க ஆரம்பித்தார். பித்தளை அண்டா, குத்துவிளக்கு, வாரம் ஒன்று. குடும்பமே 'வயசான காலத்தில் புத்தி பிசகிவிட்டது' என்று நினைத்தது. டாக்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் தெரிந்தது, பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் வகை மருந்துகளுக்கு இப்படி ஒரு பக்க விளைவு உண்டு. சிலருக்குச் சூதாட்டம், சிலருக்கு வாங்கும் வெறி. டாக்டர் அளவை மாற்றினார், அண்டா வருவது நின்றது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்புறம் 'வட்டியில்லா தவணை' பற்றி. வட்டி இல்லாமல் யார் கொடுப்பான்? பெரும்பாலும் வட்டியை முன்கூட்டியே விலையில் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள். அந்த வட்டிக்கு உண்டான ஜி.எஸ்.டி.யும் பிராசசிங் கட்டணமும் நம் பில்லில் வரும். சின்னத் தொகைதான். ஆனால் 6,000 ரூபாய் ஷூவை 'மாதம் ஆயிரம்தானே' என்று நினைக்க வைக்கிறதே, நான் விழுந்த குழி அதுதான். ஒரு காலத்தில் ஒன்பது 'ஆயிரம்தானே' ஒரே மாதத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

'இரண்டே இரண்டு மீதி', 'இன்னும் 4 நிமிடம் 12 நொடி' என்று ஓடுகிறதே, அது பொய்யாக இருந்தால் சட்டப்படித் தப்பு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த மாதிரி 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், போலி அவசரம் அதில் ஒன்று. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். நான் ஒரு சோதனை செய்தேன். அந்த நாலு நிமிஷம் முடியட்டும் என்று உளுந்தை ஊறப்போட்டுவிட்டு வந்து பார்த்தேன். மறுபடி பதினைந்து நிமிஷத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது.

2025 ஜூன் 15

சீசன். ராத்திரி பதினொன்று வரை ஆலை. பெங்களூரா விலை இந்த வருஷம் படுத்துவிட்டது, லோடு கொண்டுவருகிற விவசாயி முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்துச் சீட்டு எழுதுவது நான். வீட்டுக்கு வந்தால் கை தானாகப் போனுக்குப் போகிறது. இந்த மாதத்தில் இரண்டு தடவை வழுக்கினேன்: ஒரு ஷூ, ஒரு குடை. ஷூவைத் திருப்பி அனுப்பிவிட்டேன். குடையை வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் படித்தேன்.

தங்கச்சி, நீங்கள் மூன்று மாதமாக எழுதவில்லை. வழுக்கியிருந்தாலும் வந்து எழுதுங்கள், இங்கே யோக்கியன் யாரும் இல்லை.

2025 ஜூன் 18

எழுதிவிட்டார். விடுதி அறையில் இருக்கும் நாலு பேரும் சனிக்கிழமை ராத்திரி செலவைச் சத்தமாகப் படிக்கிறார்களாம். முதல் வாரம் சிரிப்பு, இரண்டாம் வாரம் சண்டை, மூன்றாம் வாரத்திலிருந்து ஒழுங்காக நடக்கிறதாம். ஏப்ரலிலிருந்து அம்மாவுக்குப் பணம் போகிறது. கட்டிலுக்கு அடியில் இருந்ததில் ஆறு சுடிதாரை வேலை செய்கிற இடத்திலேயே பாதி விலைக்கு விற்றிருக்கிறார். அதற்குக் கணக்கு எழுதும்போது ஒரு சுடிதார் அவருக்கே பிடித்துப்போய், விற்க மனசு வராமல் உடுத்திக்கொண்டாராம். வாங்கி எட்டு மாதம் கழித்து.

2025 ஆகஸ்ட் 4

நேற்று ஆடிப்பெருக்கு, ஞாயிறு வேறு. போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போனோம். போகும் வழியெல்லாம் ஆடித் தள்ளுபடி தட்டி. 'சும்மா' கவரில் 340 இருந்தது. கொத்தவரங்காய், புளி, ஒரு கட்டுக் கீரை, பிள்ளைக்குப் பொரி உருண்டை. சந்தையிலும் எனக்குக் கை நீளும், தக்காளி பத்து கிலோ ஒரு காலத்தில் வாங்கினவன். நேற்று இரண்டு கிலோ.

திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது போன்.

"அண்ணா, பார்சல் வந்திருக்கு."

அதே தம்பி. எனக்கு நெஞ்சு ஒரு அடி அடித்தது. எதையாவது தூக்கத்தில் போட்டுவிட்டேனா என்று வாசலுக்கு ஓடினேன். சின்னக் கவர். கொடுத்துவிட்டுக் கேட்டான்: "ஏங்ணா, வீடு மாத்திட்டீங்கன்னு நெனச்சேன். மொதல்ல எல்லாம் வாரத்துக்கு ரெண்டு வாட்டி வருவேன்."

பார்சல் அவள் பெயரில் இருந்தது.

சாயங்காலம் நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். என் பக்கத்தை முடித்தேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, குழுவில் படிக்கிற அதே குரலில் படித்தாள்: "கிரைண்டர் பெல்ட் ஒண்ணு, 210. ராத்திரி ராத்திரி ஓட்டி ஓட்டி ஒருத்தர் தேய்ச்சது."

எழுதிக்கொண்டேன்.